என் வாயில் வந்த வாக்கு

எரியோடு,
8-6-1962

அன்புள்ள அக்கா ஜக்கம்மாளுக்குத் தம்பி நாச்சிமுத்து எழுதுவது.

அம்மனின் கண்மலர் கிடைத்துவிட்டது. முந்தாநாள், ஆறாம் தேதி புதன்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் கிடைத்தது. சாமிப் பெட்டி உளுத்துப்போனதால் பலகை மாற்றத் தச்சாசாரியிடம் கொடுத்திருந்தோம். அவர் அடிப்பலகையைப் பெயர்த்தார். அதற்குக் கீழே இன்னொரு பலகை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதற்குள் இரண்டு வெள்ளிக் கண்ணும் கறுத்துப்போய்க் கிடந்தன. ஆசாரி, பெரியப்பா கண்ணுசாமி, பங்காளி சோலைமுத்து, நான், நாலு பேரும் நேரில் பார்த்தோம். இடது கண்ணின் ஓரத்தில் அப்பா காலத்தில் விழுந்த நெளிவு அப்படியே இருக்கிறது. வேறு கண்மலர் என்று யாரும் சொல்ல முடியாது.

மச்சான் எடுக்கவில்லை அக்கா.

அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அம்மன் என்மேல் இருந்தபோது பேசியது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1958 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பங்குனிக் கும்பிடு. கண்மலரைக் குளக்கரையில் புளி போட்டுத் துலக்கி, ஈரத்தோடு பட்டுத்துணியில் சுற்றி எல்லார் முன்னாலும் பெட்டிக்குள் வைத்தார் பெரியப்பா. பெட்டி தூக்குவது வீட்டு மாப்பிள்ளைக்கு உள்ள உரிமை. மச்சான் தூக்கினார். கோயிலில் இறக்கித் திறந்தபோது துணி மட்டும் இருந்தது. உறுமி அடித்தது. அம்மன் என்மேல் வந்தாள். "என் வீட்டுப் பொண்ணைக் கட்டுனவன் கையில இருக்கு என் கண்ணு. அவன் எல்லைக்குள்ள இருந்தா மழை இல்ல" என்று என் வாய் சொன்னது.

அதற்கு மேல் யாரும் எதையும் தேடவில்லை. போலீசுக்கும் போகவில்லை. அம்மன் சொன்ன பிறகு போலீஸ் எதற்கு என்றார் பெரியப்பா. இரண்டாம் நாள் நீங்கள் ஊரை விட்டுப் போனீர்கள். நான் வாசலுக்குக்கூட வரவில்லை.

துணியிலிருந்து நழுவி மூலை இடுக்கு வழியாகக் கீழே இறங்கியிருக்கும் என்கிறார் ஆசாரி. பலகை வெயிலில் சுருங்கினால் அப்படி வழி விடுமாம்.

புதன்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானிடம் இதைப் படித்துக் காட்டு. வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நாச்சிமுத்து


பேகம்பூர், திண்டுக்கல்,
13-6-1962

தம்பி நாச்சிமுத்துக்கு,

நாலு வருடம் இரண்டு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். தபால்காரர் கொடுத்தபோது யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

மச்சானுக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தாய். காட்டினேன். அவர் புகையிலைக் கிட்டங்கியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். ஒருதரம் படித்தேன். இன்னொருதரம் படி என்றார். மூன்றாம்தரமும் படித்தேன். கையில் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார். பிறகு கேட்டார்:

"அப்ப நான் எடுக்கலையா, ஜக்கு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. சந்தோஷத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நிஜமாகவே கேட்கிறார். தெரியாமல் கேட்கிறார்.

நாச்சிமுத்து, நீ இதை உட்கார்ந்து படி. இந்த நாலு வருடமும் உன் மச்சான், தான் எடுத்திருக்கலாம் என்று நம்பியிருக்கிறார். எடுத்த நினைவு அவருக்கு இல்லை. ஆனால் அம்மன் பொய் சொல்ல மாட்டாள், அதனால் தன் கைதான் தனக்குத் தெரியாமல் எடுத்து எங்கேயோ வைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். வந்த புதிதில் மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்து அவிழ்த்துப் பார்ப்பார். வேட்டி மடிப்பை உதறுவார். ஒருநாள் அடுப்படியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். எலி என்றார். போன தைமாதம் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "அன்னைக்கு நான் கள்ளு கிள்ளு குடிச்சிருந்தனா?" என்று. அவர் வாயில் கள் பட்டதே கிடையாது. உனக்கும் தெரியும். இல்லை என்றேன். எதற்குக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செத்த நேரம் கழித்து உட்கார்ந்தார். "அம்புட்டுப் பேரும் பாத்தாகளா? ஆசாரி பாத்தாரா?" என்றார். பார்த்தார்கள் என்றேன். அழுகை இல்லை. படுத்துவிட்டார். ஊர் திருடன் என்றது, தாங்கிக்கொண்டேன். பக்கத்தில் படுத்திருப்பவர் தன்னையே திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தது தெரியாமல் நாலு வருடம் சோறு போட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா ஜெய்தூன் பீவிக்கு விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "அடி இவளே, பெட்டிக்குள்ள வச்சது காணோம்னா, அந்தப் பெட்டியத் தலைகீழாக் கவுத்து ஒரு தட்டுத் தட்டிப் பாக்க ஊருல ஒரு ஆம்பளைக்கும் தோணலையா? எங்க வீட்ல ஒத்தைத் தோடு தொலைஞ்சாலே பீரோவைப் பொரட்டிருவோம்."

அவளுக்குப் பதில் நீ சொல்.

எனக்கு உன்னிடமிருந்து ஒன்றுதான் வேண்டும். திருடன் என்று எந்த இடத்தில் சொன்னாயோ அந்த இடத்தில் நின்று, இல்லை என்று சொல்ல வேண்டும். பங்காளிகள் எல்லாரும் கேட்க வேண்டும். இவர் காதால் கேட்க வேண்டும்.

ஜக்கம்மாள்


எரியோடு,
17-6-1962

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மச்சான் கேட்டது என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன்.

எனக்கு யாரிடமும் கேட்க முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. உன்னிடம் கேட்கிறேன்.

சித்தப்பா செத்த பிறகு அடுத்த சாமியாடி யார் என்று பார்த்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஐம்பத்தாறாம் வருடம் மாசி. வழக்கப்படி அம்மனின் காப்பைப் பெரியப்பா விடியுமுன் ஊர் எல்லைக்குள் ஓர் இடத்தில் ஒளித்து வைத்தார். அந்த இடம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அம்மன் யார்மேல் வந்தாலும் அவன் ஓடிப்போய் அந்தக் காப்பை எடுத்துவர வேண்டும். அதற்கு முன்னால் மூன்று பேர் ஆடி ஓடி வெறுங்கையோடு திரும்பினார்கள். நான் நேரே பெரியப்பா களத்தில் சோளத்தட்டை அடுக்கியிருந்த படப்புக்கு ஓடினேன். கையை விட்டேன். காப்பு கையில் வந்தது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். நீயும்தான் போட்டாய்.

அன்றைக்கு உடம்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதலில் உள்ளங்கால் குளிரும். பிறகு முதுகில் சூடு ஏறும். உறுமிச் சத்தம் காதில் நின்றுபோகும். மற்றவர்களைக் கேட்டால் உறுமி நிற்கவே இல்லை என்பார்கள். நாக்கு என்னுடையதாக இருக்காது. பயமே இருக்காது. உலகத்தில் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது போல ஒரு தெளிவு வரும். அந்தத் தெளிவை நான் நடித்ததில்லை அக்கா. என் பிள்ளைகள்மேல் ஆணையாக நடித்ததில்லை.

மச்சானைச் சொன்ன அன்றைக்கும் அதேதான். அதே குளிர், அதே சூடு, அதே தெளிவு. மயிரளவு வித்தியாசம் இல்லை. பதினோரு நாளாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று மெய்யாகப் போனது. ஒன்று பொய்யாகப் போனது. உள்ளே இருந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அப்படியானால் முதலில் வந்தது யார்?

சோலைமுத்து சொல்கிறான், "ஆத்தா சரியாத்தாண்டா சொன்னா, நீதான் தப்பாக் கேட்டுட்ட" என்று. நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். நான் காதால் எதையும் கேட்கவில்லையே, வாய்தானே பேசியது.

பெரியப்பா ஒரு வழி சொல்கிறார். ஜூலை முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடுவது. உறுமி அடிப்பது. அம்மன் என்மேல் வந்து, மச்சானை மன்னித்தேன் என்று சொல்வது. திருநீறு கொடுப்பது. பழையபடி வந்துபோக இருப்பது. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

நாச்சிமுத்து


பேகம்பூர்,
22-6-1962

தம்பி,

மன்னிப்பா? எதற்கு?

எடுத்தவனைத்தான் மன்னிப்பார்கள். கண்மலர் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை மன்னிக்கச் சொல் பெரியப்பாவை.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன். ஆறு வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்றே தோன்றவில்லை.

அந்த மாசிமாதக் காலையில் பெரியப்பா நம் வீட்டுக்குக் கூழ் குடிக்க வந்தார். நான்தான் ஊற்றினேன். அவர் முதுகிலும் துண்டிலும் சோளத்தட்டைத் தூசி அப்பியிருந்தது. நீ அவர் பின்னால் போய் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாய். "என்ன பெரியப்பா, ராத்திரி பெரியம்மா வெரட்டிவிட்டாகளா, படப்புல படுத்து எந்திரிச்சு வாரீக?" என்றாய். அவர் சிரிக்கவில்லை. "போடா கழுதை" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். நீ அதோடு மறந்துவிட்டாய். மதியம் படப்புக்கு ஓடினாய்.

நீ திட்டம் போட்டு ஓடினாய் என்று நான் சொல்லவில்லை. நீ அப்படிப்பட்டவன் இல்லை. உன் கை தட்டிய தூசி உனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது.

இன்னொன்று. பங்குனிக் கும்பிடுக்கு முந்தின மாதம் முழுவதும் நீயும் உன் மச்சானும் கமலைக் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை. வாய்க்காலில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாய். "இந்த ஆளு ஊர்ல இருக்கிற வரைக்கும் என் கத்திரி காஞ்சுதான் சாகும்" என்று என் முன்னாலேயே சொன்னாய். பதினெட்டே நாள் கழித்து, "அவன் எல்லைக்குள்ள இருந்தா மழை இல்ல" என்று உன் வாயில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

இதையெல்லாம் எழுதுவதால் எனக்கு அம்மன்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்காகத்தான் அடுத்ததை எழுதுகிறேன். இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை. உன்னோடு இருக்கட்டும்.

ஊரை விட்டு வந்த அன்று இவர் சாமான் வண்டியோடு முன்னால் போய்விட்டார். நான் மகள் ராமுத்தாயைக் கூட்டிக்கொண்டு பின்னால் நடந்து வந்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அகரம் தாண்டி ஒரு தோட்டக் கிணறு. உச்சிவெயில். ஆள் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் குடிக்கப் போகவில்லை. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்றேன். அப்போது ஒரு குரல், பொம்பளைக் குரல், காதுக்குப் பக்கத்தில், "பிள்ளைக்குப் பசிக்குது, கூட்டிட்டுப் போ" என்றது. திரும்பிப் பார்த்தேன். தோட்டம் முழுக்கப் பார்த்தேன். யாரும் இல்லை. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது அம்மனா, என் வயிறா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை. அந்தக் குரல் என்னிடம் சொன்னது, நான் கேட்டேன், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பார்த்து நீ இப்படிச் செய்தாய், நீ இப்படி இரு என்று சொல்ல எனக்கு ஏது உரிமை?

உறுமி வேண்டாம். திருநீறு வேண்டாம். நாச்சிமுத்துவாக நின்று சொல். அதற்கானால் வருகிறோம்.

ஜக்கம்மாள்


எரியோடு,
2-7-1962

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் பங்காளிகள் கூடினார்கள். முப்பத்திரண்டு குடும்பத்தில் இருபத்தொன்பது குடும்பத்தார் வந்திருந்தார்கள். நான் உறுமி வேண்டாம் என்றுதான் சொன்னேன். வெறும் பேச்சாகவே ஆரம்பித்தது. நான் எழுந்து, மச்சான்மேல் தவறில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பா கையைக் காட்டினார். உறுமி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அம்மன் வந்தாள். நான் கூப்பிடவில்லை. கும்பிடவில்லை. வந்தாள். என்ன பேசினேன் என்று சோலைமுத்து சொல்லித்தான் தெரியும். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்:

"என் கண்ண நாந்தான் மறைச்சேன். என் மாப்பிள்ளையச் சோதிச்சேன். அகரத்துக் கிணத்தடியில என் பொண்ணையும் பேத்தியையும் நாந்தான் கையப் பிடிச்சுத் திருப்பி விட்டேன். நாலு வருசம் நெருப்புல போட்டு எடுத்த தங்கம் அவன். அவனக் கூட்டிட்டு வாங்க."

கூட்டம் அப்படியே தரையில் விழுந்தது அக்கா. பெரியப்பா அழுதார். குலவைச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாம். மச்சானை மேளத்தோடு அழைத்துவர வேண்டும், பெட்டி தூக்கும் உரிமை அவர் தலைமுறைக்கே என்று முடிவானது. ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

நீ கேட்டது நாச்சிமுத்து சொல்ல வேண்டும் என்பது. அது நடக்கவில்லை. ஆனாலும் மச்சான் பெயர் தெளிந்துவிட்டது அல்லவா? கிணற்றடியில் நீ கேட்ட குரலும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. எனக்கு மனது லேசாக இருக்கிறது. ஒரு மூலையில் ஏதோ உறுத்துகிறது, அது என்னவென்று பிடிபடவில்லை. நல்ல நாள் பார்த்து எழுதுங்கள்.

நாச்சிமுத்து


பேகம்பூர்,
6-7-1962

நாச்சிமுத்து,

உன் கடிதம் புதன்கிழமை மத்தியானம் வந்தது. அக்காவுக்கும் மச்சானுக்கும் என்று மேலே எழுதியிருந்தாய். நான் ஜெய்தூன் பீவியோடு சந்தைக்குப் போயிருந்தேன். மச்சானுக்குப் படிக்கத் தெரியாது. ராமுத்தாயைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. நன்றாகப் படிப்பாள். எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். கிணற்றடியையும் நிறுத்தாமல் படித்திருக்கிறாள்.

நான் வந்தபோது அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னடி என்றேன். "அம்மா, அந்தக் குரல் கேக்கலைன்னா?" என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் நான் பதில் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்க என்னோடு வரமாட்டேன் என்கிறாள்.

உன்னோடு இருக்கட்டும் என்று எழுதினேன். இருபத்தொன்பது குடும்பத்துக்கு முன்னால் கொட்டியிருக்கிறாய். நான் சொல்லவில்லை, அம்மன் சொன்னாள் என்று நீ சொல்வாய். அந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்று அம்மனுக்கு யார் எழுதினார்கள்? இருபத்திரண்டாம் தேதி நான் உனக்கு எழுதினேன். ஒன்பதாம் நாள் அது அவள் வாயில் வருகிறது. நாலு வருடமாக அவளுக்குத் தெரிந்திருந்தால் ஒரு பங்குனியில்கூடவா சொல்லியிருக்க மாட்டாள்?

இன்னும் கேள். உன் மச்சான் சந்தோஷமாக இருக்கிறார். வேட்டியைத் துவைத்துப் போட்டிருக்கிறார். "சோதிச்சிருக்கா பாரு, என்னைய! ஊர்ல அம்புட்டுப் பேரு இருக்கையில என்னையப் போயிச் சோதிச்சிருக்கா" என்கிறார். கிட்டங்கியில் பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். நாலு வருடம் உன் வாய் சொன்னதால் தன்னைத் திருடன் என்று நம்பினார். இப்போது உன் வாய் சொன்னதால் தன்னைத் தங்கம் என்று நம்புகிறார். தான் எடுக்கவில்லை என்று அவர் கைக்குத் தெரியும். அந்தக் கையை அவர் ஒருநாளும் நம்பவில்லை. நாளைக்கு உன் வாயில் வேறொன்று வந்தால் அதையும் நம்புவார்.

மேளம் வைத்துக் கூப்பிட்டால் வரமாட்டேன். அவரையும் விடமாட்டேன்.

ஜக்கம்மாள்


எரியோடு,
10-7-1962

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நீயே மச்சானுக்குப் படித்துக் காட்டு. பிள்ளை கையில் கொடுக்காதே. ராமுத்தாய் விஷயத்தில் நான் செய்ததற்கு என்ன சொல்லியும் ஈடாகாது. அவள் காலில் விழ வேண்டுமானால் விழுகிறேன். தாய்மாமன் விழக் கூடாது என்பார்கள். விழுகிறேன்.

எனக்கு உறுத்தியது என்னவென்று நீ எழுதிய பிறகு பிடிபட்டது. எட்டாம் தேதி சோலைமுத்துவை மறுபடி உட்காரவைத்து, ஒன்றாம் தேதி நான் பேசியதை வார்த்தை வார்த்தையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். 'கையப் பிடிச்சு' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. நீ உன் கடிதத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருந்தாய். அதை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். சோளத்தட்டைத் தூசி, தண்ணீர்ச் சண்டை, உன் கடிதம். மூன்று வாக்குக்கும் வந்த வழி தெரிந்துவிட்டது. மூன்றும் என் வழியாகத்தான் வந்திருக்கின்றன.

அம்மன் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் குளிரும் சூடும் நான் பட்டவை. அவை வந்தது நிஜம். வந்தபோது வாய் சொன்ன செய்திக்கு அவை சாட்சி ஆகுமா என்று மட்டும் இனி எவரும் என்னைக் கேட்டால், ஆகாது என்பேன். மற்றதை எனக்குத் தெரியாது என்று விட்டுவிடுகிறேன். இந்த ஆறு வருடத்தில் என் வாக்கைக் கேட்டுப் பதினொரு கல்யாணம் முடிவாகியிருக்கிறது, நாலு நின்றுபோயிருக்கிறது. அந்த நாலு வீட்டு வாசலையும் கடக்க முடியாமல் சுற்றிப் போகிறேன்.

நேற்றுப் பெரியப்பாவிடம் போனேன். பங்காளிகளைத் திரும்பக் கூட்டச் சொன்னேன். சோதித்ததும் இல்லை, மன்னித்ததும் இல்லை, பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்காத முட்டாள்தனம் என்று நானே சொல்லப்போகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆத்தா சொன்னத மாத்திச் சொல்ல நீ யாருடா?"

"நாச்சிமுத்து பெரியப்பா."

"நாச்சிமுத்து பேச்ச எவன் கேப்பான்? கத்திரிக்கா வெல கேட்டா சொல்லு."

"ஒன்றாந்தேதி பேசினதும் இதே வாய்தான."

"வாயி உன்னுது. பேச்சு அவளுது. ஏலே அப்பு, கும்பிட்டுச் சொல்றேன், நல்லா முடிஞ்ச காரியத்தக் கெடுக்காத. அவன் பேரு தெளிஞ்சிருச்சு. உன் பேரும் போகல. ஆத்தா பேரும் போகல. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மூன்று பெயரையும் காப்பாற்றத்தான் பார்க்கிறார். கடைசியில், கூட்டுகிறேன், ஆனால் உறுமி இல்லாமல் கோயிலில் கூட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார். நாள் வியாழக்கிழமை.

எனக்கு அதுதான் பயம். நான் எழுந்து வாயைத் திறப்பேன். உறுமி அடிக்கும். உள்ளங்கால் குளிரும். நான் சொன்னதை என் வாயே இல்லை என்று சொல்லிவிடும். ஒன்றாம் தேதி அப்படித்தான் நடந்தது. நான் வேண்டாம் என்றால் வராமல் இருப்பது அதற்குத் தெரியவில்லை. அது யார் என்று எனக்குத் தெரியாதபோது, எப்படித் தடுப்பது என்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்தேன்.

இன்று காலை தெற்குத்தெரு மூக்காயிக் கிழவி செத்துப்போனது. மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். நான் போனேன். சாமியாடி இழவு வீட்டு வாசலை மிதிக்க மாட்டான் என்பது உனக்குத் தெரியும். அப்பா செத்தபோது சித்தப்பா தெருமுனையில் நின்றுதான் அழுதார். நான் உள்ளே போனேன். கிழவி காலைத் தொட்டேன். பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். சுடுகாட்டிலிருந்து வந்ததும் சம்பந்தி வீட்டார் ஆக்கிப் போட்ட சோற்றில் உட்கார்ந்தேன். பரிமாறிய பெண் இலைக்கு மேல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று நின்றாள். போடு தாயி என்றேன். சோறும் பருப்பும், வெஞ்சனத்துக்கு வாழைக்காய். இரண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டேன். சோலைமுத்து வாசலிலிருந்து, "ஏலே, ஏலே, என்ன காரியம்டா செஞ்ச" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இழவு வீட்டுச் சோறு தின்ற உடம்பில் பதினாறு நாளைக்கு அம்மன் இறங்கமாட்டாள். இது பெரியப்பாவுக்குத் தெரியும். பங்காளிகள் அத்தனை பேருக்கும் தெரியும். வியாழக்கிழமை என் வாயில் என்ன வந்தாலும் அது நாச்சிமுத்து சொன்னது என்று அவர்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

சொல்லப்போவதை எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். என் மச்சான் இருளப்பன் எடுக்கவில்லை. அவரை யாரும் சோதிக்கவில்லை. நான் தப்பாகச் சொன்னேன். மூன்றே வரி.

மச்சானுக்கு இது சந்தோஷமாக இருக்காது. தங்கம் என்று கேட்டவரைத் திரும்பவும் வெறும் ஆளாக ஆக்குகிறேன். வியாழக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வா. தபால் அதற்குள் வந்து சேராது என்று நாளைக் காலை பஸ்ஸில் ஆள் வசம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வர மனமில்லை என்றால் விட்டுவிடு.

தீட்டுப்பட்டவன் என்று என்னைக் கோயிலுக்குள் விட மறுக்கலாம். பெரியப்பா இன்னும் பதில் சொல்லி அனுப்பவில்லை. விடாவிட்டால் வெளியே வேம்படியில் நின்று சொல்வேன். இருபத்தொன்பது குடும்பமும் வருமா, தெரியாது. உறுமிச் சத்தம் கேட்டதும், இந்த உடம்பிலும் அந்தக் குளிர் வந்தால் என்ன செய்வேன், அதுவும் தெரியாது.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை, காலை பத்து மணி.

நாச்சிமுத்து